இரண்டு கமாவுக்கு நடுவே

அல்சூர், பெங்களூர்
21 பிப்ரவரி 1999

மதிப்பிற்குரிய ரெமிஜியஸ் சாருக்கு,

வேதநாயகி எழுதுகிறேன். எந்த வேதநாயகி என்று யோசிக்க வேண்டாம். தொம்மலூர் ஆபீசில் உங்கள் தாள்களையெல்லாம் டைப் அடித்துக் கொடுத்தவள்தான். விலாசம் டென்சில் தந்தார். மெஷின் ரூம் ஆபரேட்டர் அவருக்குக் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்பத் தெரிந்த உங்களுக்கு, நான்கு வருஷம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவளுக்கு ஒரு வரி எழுத ஆறு வருஷமாகக் கை வரவில்லை. போகட்டும். சண்டை போட இதை எழுதவில்லை. போட்டால் நிறைய இருக்கிறது.

விஷயம் உங்கள் ப்ரோக்ராம். 93 மழையில் பைரசந்தைக் கெரெ என்கிற ஏரி கரைமேல் வழிந்து ராகி வயலெல்லாம் போனதும், நீர்மட்டத்தைக் கணக்குப் போட்ட ப்ரோக்ராம் தப்பு என்று விசாரணை வைத்து உங்கள் தலையில் கட்டினார்கள். நீங்களும் ராஜினாமாவை எழுதி வைத்துவிட்டு, டிபன் டப்பாவோடு வாசலில் நின்ற என்னைப் பார்க்காத மாதிரி படியிறங்கிப் போனீர்கள். அந்த ப்ரோக்ராமையும் குப்பையில் போட்டிருப்பார்கள் என்றுதானே நினைத்திருப்பீர்கள்? போடவில்லை. வேறு எழுத ஆள் இல்லை. முதல் பக்கத்திலிருந்த உங்கள் பெயரை எடுத்தார்கள், ப்ரோக்ராமை வைத்துக்கொண்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று, வருகிற கரை உயரத்தோடு இரண்டு அடி கூட்டிக்கொள்ளச் சொல்லி ஒரு சர்க்குலர் விட்டார்கள்.

இரண்டாயிரம் பிறந்தால் பழைய மெஷின் தேதி தெரியாமல் முழிக்குமாம். அதனால் எல்லாவற்றையும் பி.சி.க்கு மாற்றுகிறோம். உங்களுக்குப் பிறகு வந்த பிரிவுத் தலைவர் பாலசுப்ரமணியன் சார் கெட்டவர் இல்லை, பயந்தவர். பழைய கணக்குகளைப் பி.சி.யில் ஓட்டி விடைகளை ஒத்துப்பார்க்கச் சொன்னார். முன்பு ஒரு தாலுகாவின் ஏரிகள் எல்லாம் ஒரே ஃபைலில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். இப்போது ஓர் ஏரிக்கு ஒரு ஃபைல். நாற்பத்தோரு ஏரிகளில் ஒன்பதுதான் ஒத்துப்போகின்றன. மற்ற எல்லாவற்றிலும் பி.சி. நீர்மட்டத்தை உயர்த்திக் காட்டுகிறது.

"பி.சி. சரியில்லம்மா, வெண்டரக் கூப்பிடுங்க" என்கிறார் அவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஓர் ஏரியின் விடை, அது ஃபைலில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து மாறுமா? எழுதியவர் நீங்கள். சொல்லுங்கள்.

அப்பா போன ஆடியில் காலமானார். ஆபீசில் ஜன்னலோர மேசையில் நான் மட்டும்தான் சாப்பிடுகிறேன், வீட்டிலும் அப்படியே. தனியாகச் சாப்பிடுவதில் ஒரு வசதி, சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

இப்படிக்கு,
வேதநாயகி


தூத்துக்குடி
4 மார்ச் 1999

வேதநாயகி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அப்பா காலமானது தெரியாது. மிகவும் வருந்துகிறேன். ஒருமுறை உங்கள் வீட்டுக்கு வந்தபோது, நான் சதுரங்கத்தில் தோற்றுக்கொடுக்கிறேன் என்று கண்டுபிடித்துத் திட்டினார். நல்ல மனிதர்.

நான் அண்ணனின் ஐஸ் ஃபேக்டரியில் இருக்கிறேன். படகுகளுக்கும் மீன் லாரிகளுக்கும் பாளம் பாளமாக ஐஸ் போகிறது. நான் சீட்டு கிழித்துக் கொடுக்கிறேன். மாடியில் ஓர் அறை இருக்கிறது. கம்ப்யூட்டரைத் தொட்டு ஆறு வருஷம் ஆயிற்று. ஃபோர்ட்ரான் மறந்துவிட்டது.

கேட்டதற்குப் பதில்: ஏரிக்கு ஒரு ஃபைலாக ஓட்டி வரும் விடையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விடைகளை விட்டுவிடுங்கள். ஏன் என்று தேட வேண்டாம். எனக்கும் இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

டென்சிலுக்கு அச்சடித்த அட்டை போதும். உங்களுக்கு அது போதாது என்று தெரியும். போதுமான அளவுக்கு எழுத எனக்குத் தெரியவில்லை.

ரெமிஜியஸ்


அல்சூர்
15 மார்ச் 1999

ரெமிஜியஸ் சார்,

தேட வேண்டாம் என்றால் தேடாமல் இருப்பேன் என்று நினைக்கிற அளவுக்கா என்னை மறந்துபோனீர்கள்? ஃபோர்ட்ரான் மறந்தவருக்கு எந்த விடை சரி என்பது மட்டும் எப்படி ஞாபகம் இருக்கிறது?

ஒத்துப்போன ஒன்பது ஏரிகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டு ஏரிகள் அந்தந்தத் தாலுகா ஃபைலில் முதலாவதாக நிற்பவை. ஒன்பதாவது நடுவில் நிற்கிறது, ஆனால் அதற்கு ஆறு மதகு. ஒத்துப்போகாத எல்லாவற்றுக்கும் மூன்றோ நான்கோதான். அதைப் பார்த்த பிறகு டென்சிலைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஃபைலைப் படித்து முடித்தவுடன் ப்ரோக்ராம் கையில் என்ன வைத்திருக்கிறது என்று அச்சடிக்கச் செய்தேன். அவர் ஏரி விவரம் எழுதிவந்த ஷீட்டையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"மேடம், ஷீட்ல மூணு மதகுதான இருக்கு? இது சிக்ஸ் காட்டுது, நோடி, பாருங்க."

பெரிய ஏரியை முதலில் போடுவது நம் வழக்கம். அதற்கு மதகுகளின் அகலம் 4, 4, 4, 3, 3, 3 என்று ஆறும் இருக்கும். அடுத்த சின்ன ஏரிக்கு மூன்றே மதகு. நான் 3, 3, 2 என்று அடித்துவிட்டு மீதி மூன்று இடங்களுக்கு வெறும் கமா போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். காலியாக விட்டால் சைபர் என்று நினைத்து. ஆனால் உங்கள் ப்ரோக்ராமில் ஃபைலைப் படிக்கிற நேம்லிஸ்ட் காலி இடத்தைச் சைபர் என்று படிப்பதில்லை. அங்கே முன்பு என்ன இருந்ததோ அதை அப்படியே விட்டுவிடுகிறது. முதல் ஏரியின் கடைசி மூன்று மதகுகள் இந்த ஏரியிலும் வந்து உட்கார்ந்துகொண்டன. இல்லாத மதகு வழியே தண்ணீர் வெளியேறுவதாகக் கணக்கு. அப்படியானால் நீர்மட்டம் குறைவாகத்தானே வரும்? கரையையும் தாழ்வாகத்தானே கட்டுவார்கள்?

இந்த ஆபீசுக்கு முன்னால் பதினொரு வருஷம் நான் கார்டு பஞ்ச் அடித்தவள். அங்கே சூப்பர்வைசர் சுப்புலக்ஷ்மி மேடம் முதல் நாளே சொல்லிக் கொடுத்தது இதுதான்: "ஸைபர் வந்தா அடிக்காதம்மா, காலியா விட்டுட்டுப் போயிடு. காலிய மெஷின் ஸைபராத்தான் படிக்கும்." கார்டில் அது நிஜம். அந்த வழக்கத்தால்தான் ஹாலிலேயே வேகமானவள் என்று பெயர் வாங்கினேன். அதே கையோடு இங்கே வந்து உங்கள் வேலையில் மண்ணைப் போட்டிருக்கிறேன்.

விசாரணையில் என்னைக் கேட்டார்களே, "ஷீட்டில் இருந்ததைத்தான் அடித்தீர்களா" என்று. ஆமாம் என்றேன். ஷீட்டில் அந்த இடங்களில் வெறும் கோடுதான் இருந்தது. நான் சொன்னது பொய் இல்லை, அதுதான் இன்னும் வேதனை. உங்கள் ப்ரோக்ராம் தப்பில்லை சார். தப்பு என்னுடையது. பாலசுப்ரமணியன் சாரிடம் சொல்லப்போகிறேன். முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்கிறேன்.

வேதநாயகி


தூத்துக்குடி
24 மார்ச் 1999

அன்புள்ள வேதநாயகிக்கு,

நீங்கள் கண்டுபிடிப்பீர்கள் என்று பயந்தேன். கண்டுபிடித்துவிட்டீர்கள்.

எனக்கு அப்போதே தெரியும். பைரசந்தை வழிந்த நான்காம் நாள் ஃபைலை அச்செடுத்துப் பார்த்தேன். கமாக்கள் தெரிந்தன. விசாரணைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அந்த மாதம்தான் உங்களை நிரந்தரமாக்கும் உத்தரவு வரவேண்டியிருந்தது. நான்கு வருஷம் தற்காலிகத்தில் இருந்தீர்கள். அப்பாவுக்கு இரண்டாவது ஆபரேஷன் நடந்திருந்தது. நான் கமா என்று ஒரு வார்த்தை சொன்னால் உங்களை அன்றே அனுப்பியிருப்பார்கள். நான் ஒற்றை ஆள். எங்கேயும் பிழைத்துக்கொள்ளலாம். அதனால் ப்ரோக்ராமில் எங்கோ பிழை இருக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

படியில் உங்களைப் பார்க்காமல் போனது அதனால்தான். பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன்.

இப்போது யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டாம். பழைய கதை. நிம்மதியாக இருங்கள்.

ரெமிஜியஸ்


அல்சூர்
2 ஏப்ரல் 1999

ரெமிஜியஸ் சார்,

உங்கள் கடிதத்தைப் படித்து முதல் நாள் அழுதேன். என் பொருட்டு ஒரு மனுஷன் இவ்வளவு செய்தாரே என்று. இரண்டாம் நாள் ஆபீஸ் போய் உட்கார்ந்ததும் எனக்கு வந்தது கோபம். இன்னும் தணியவில்லை, அதனால் கையெழுத்து இப்படி இருக்கிறது.

நிம்மதியாக இருக்கச் சொல்கிறீர்கள். என் கையிடம் யாரும் சொல்லாததால் அது ஆறு வருஷமும் அதே மாதிரிதான் அடித்தது. நீங்கள் போன பிறகு மட்டும் இருபத்தாறு ஏரி. எல்லாவற்றையும் சரியான சைபரோடு மறுபடி ஓட்டினேன். இருபத்தைந்து ஏரிகளில் குறைவு இரண்டு அடிக்குள் இருக்கிறது. சர்க்குலர்காரர்கள் பயந்து கூட்டிய இரண்டு அடி அந்த ஊர்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஒன்று மட்டும் இல்லை. கோணேகுண்டெக் கெரெ. மூன்றரை அடி குறைவு. கரையை ஒட்டி முப்பது வீடுகள் இருக்கின்றன. கரை வேலை இப்போது நடக்கிறது, மே கடைசியில் முடிக்கிறார்கள். ஜூனில் மழை.

ப்ரோக்ராமை வைத்துக்கொண்டார்கள் என்று 93-ல் உங்களுக்குத் தெரியாது, சரி. பிப்ரவரியில் நான் எழுதினேனே? பக்கம் பக்கமாக எழுதினேனே? எந்த விடை சரி என்று தெரிந்த உங்களுக்கு, தப்பு விடையை நம்பிக் கட்டிய கரைகள் எங்கே எங்கே என்று ஒரு நிமிஷம் தோன்றவில்லையா? தேட வேண்டாம் என்று எழுதினீர்கள். என்னைக் காப்பாற்றுவதில் அவ்வளவு மும்முரம்.

நான் கேட்டேனா சார்? வாயைத் திறந்து, "வேதநாயகி, இனிமேல் காலியாக விடாதே, சைபர் அடி" என்று சொல்லியிருந்தால் போதும். வேலை போயிருந்தால் போயிருக்கும். நீலசந்திராவில் ஏதாவது டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்திருப்பேன். ஒரு மனுஷரோடாவது பேசிக்கொண்டிருந்திருப்பேன். என்னைக் கேட்காமல் எனக்கு ஒரு தர்மம் செய்து, அதற்கு நான் ஆறு வருஷம் உங்களை நன்றி கெட்டவர் என்று திட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

நேற்று பாலசுப்ரமணியன் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "நீங்க சொல்றது சரியா இருக்கலாம்மா. ஆனா டைப்பிஸ்ட் சொன்னாங்கன்னு நான் கரை வேலைய நிறுத்த முடியுமா? ப்ரோக்ராம் எழுதினவர் கையெழுத்துப் போட்டு ஒரு லெட்டர் குடுத்தா மேல அனுப்பறேன்" என்கிறார். அந்தக் கடிதம் வேண்டும். காலி இடத்தைப் ப்ரோக்ராம் எப்படிப் படிக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இதையும் வேண்டாம் என்று எழுதினால், நான் உங்களை அறிந்தவளே இல்லை.

வேதநாயகி


தூத்துக்குடி
9 ஏப்ரல் 1999

அன்புள்ள வேதநாயகிக்கு,

கேட்ட கடிதம் இத்துடன் இருக்கிறது. மூன்று பிரதி. நோட்டரி முத்திரையும் வாங்கியிருக்கிறேன், பயந்தவர்களுக்கு முத்திரை பிடிக்கும். ரெஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன்.

கடிதத்தின் இரண்டாம் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். அதை உங்களுக்கு இங்கேயும் சொல்லியாக வேண்டும். போன கடிதத்தில் நான் எழுதியது பொய் இல்லை. ஆனால் முழுசும் இல்லை.

ஒவ்வோர் ஏரியையும் படிக்கும் முன்னால், அந்த ஆறு இடங்களையும் சைபராக்கிவிட்டுப் படிக்க வேண்டும். இரண்டு வரி. அந்த இரண்டு வரி இருந்திருந்தால், நீங்கள் எத்தனை கமா போட்டாலும் விடை சரியாக வந்திருக்கும். நான் எழுதவில்லை. நேம்லிஸ்ட் காலி இடத்தைத் தொடாது என்பது எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும் என்று இருந்துவிட்டேன். நான் கார்டு ஹாலில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. காலி என்றால் சைபர் என்று பதினொரு வருஷம் பழகிய கை எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று நான் யோசித்ததே இல்லை. கேட்டதும் இல்லை.

நான்காம் நாள் கமாக்களைப் பார்த்தபோது, இரண்டு வரி இல்லாததையும் பார்த்தேன். கமா என்று சொன்னால் அடுத்த கேள்வி அதுதான் வரும். புதிதாகச் சேர்ந்தவன்கூட விடாத தப்பு. அதை அந்த விசாரணை மேசைமுன் ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. கடினமான கணக்கில் எங்கோ ஆழமாகப் பிழை இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போவது கௌரவமாக இருந்தது. உங்களுக்காகப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது அதைவிடக் கௌரவமாக இருந்தது. இங்கே வந்து ஆறு வருஷமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கூட. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை, நல்ல காரியத்தை எதற்குப் பாவமாகச் சொல்வது என்று.

கோணேகுண்டெ பற்றிப் படித்த அன்று ஐஸ் சீட்டை மூன்று லாரிகளுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். அண்ணன் சத்தம் போட்டார். நீங்கள் போட்ட சத்தம்தான் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அது நியாயம்.

ரெமிஜியஸ்


அல்சூர்
20 ஜூன் 1999

ரெமிஜியஸ் சார்,

உடனே எழுதாததற்கு மன்னியுங்கள். முடிவு தெரிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

உங்கள் கடிதத்தையும் என்னுடையதையும் சேர்த்துக் கொடுத்தேன். வேலை போகும் என்று மேஜை டிராயரைக்கூடக் காலி செய்து வைத்திருந்தேன். பாலசுப்ரமணியன் சார் மேலே அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் உத்தரவு வந்தது: கோணேகுண்டெக் கரையை நான்கு அடி உயர்த்தவும். அவ்வளவுதான் அதில் இருந்தது. ஏன் என்று இல்லை. உங்கள் பெயர் இல்லை, என் பெயர் இல்லை, கமா இல்லை. நான் கேட்டேன், பைரசந்தை விசாரணையைத் திருத்த வேண்டாமா என்று. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அந்த ஃபைல மூடி எவ்ளோ நாளாச்சு. அப்ப இருந்தவங்க யாரும் இப்ப இல்லம்மா. பி.சி.ல அந்த ரெண்டு லைனப் போட்டாச்சு. போய் வேலையப் பாருங்க."

சண்டை போட்டு வாங்கவேண்டிய தண்டனைகூட இந்த ஆபீசில் கிடைக்கவில்லை. பக்கத்து சீட் தீபிகா கோயம்புத்தூர்ப் பெண், போன வருஷம் சேர்ந்தவள். ரெமிஜியஸ் என்றால் யார் என்று கேட்கிறாள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இந்த உலகத்தில் அந்தத் தப்பை ஞாபகம் வைத்திருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் தூத்துக்குடியில், ஒருத்தி அல்சூரில்.

போன வாரம் நல்ல மழை. மனசு கேட்காமல் டென்சிலைக் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்துக் கோணேகுண்டெ போனேன். தண்ணீர் பழைய கரை அடையாளத்தைத் தாண்டி மேலே நின்றது. புதுக்கரைக்கு இன்னும் ஓர் அடி மிச்சம் இருந்தது. கரைக்குக் கீழே ஓர் அம்மாள் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "யாரு பேக்கு?", யார் வேண்டும் என்று கேட்டாள். யாரும் வேண்டாம், சும்மா பார்க்க வந்தோம் என்று கன்னடத்தில் சொன்னேன். நீங்களும் பார்த்திருக்க வேண்டும் என்று இருந்தது.

உங்கள் இரண்டு வரிக்கும் என் கமாவுக்கும் சரியாகப் போயிற்று. உங்கள் மேல் கோபம் தீர்ந்துவிட்டது. தீர்ந்ததும்தான் தெரிகிறது, வீட்டில் எனக்குத் துணையாக இருந்தது அது ஒன்றுதான் என்று. இனி ஒளிக்க ஒன்றுமில்லை, காப்பாற்ற ஒன்றுமில்லை. இத்தனை நாள் நீங்கள் இந்த ஊர்ப்பக்கம் வராததற்கு அந்தத் தப்புதான் காரணம் என்று இருந்தேன். இப்போதும் வராமல் இருக்க வேறு காரணம் இருந்தால் எழுதுங்கள். தெரிந்துகொண்டு என் பாட்டுக்கு இருந்துவிடுவேன்.

வேதநாயகி


தூத்துக்குடி
1 ஜூலை 1999

அன்புள்ள வேதநாயகிக்கு,

ஒரு வாரம் யோசித்தேன். வேறு காரணம் இருக்கிறது. பயம்.

இத்தனை நாள் நான் அங்கே வராதது உங்களுக்காக என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. இப்போது வந்தால் எனக்காக வருகிறேன் என்று ஆகிவிடும். நாற்பத்தொன்பது வயதில் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மாடி அறையில் தனியாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாளும் பிடித்ததில்லை.

மதுரையில் வண்டி மாறி, பதினோராம் தேதி ஞாயிறு காலை கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்குகிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

வாருங்கள்.

ரெமிஜியஸ்